எண்பிக்கும் சுமை: குற்ற ஒப்புதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1795 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சென்னையிலிருந்து கப்பலேறி வந்த ஆங்கிலப் படை திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிற்று. அப்படையெடுப்பில், இலங்கைக் கரையோரத்தில் முதலில் வீழ்ந்த கோட்டை இதுவே. துறைமுகத்தின் பொருட்டு ஐரோப்பியர் தம்முள் நிகழ்த்திய போர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. கோட்டையோடு சட்டமும் கைமாறியது என்பதோ அத்துணை கவனத்தைப் பெற்றிலது. அங்ஙனம் கைமாறியவற்றுள் ஒன்று, குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவன் 'நான் செய்தேன்' எனக் கூறுமிடத்து அக்கூற்று அவன் தன்விருப்பிற் கூறியதா, வற்புறுத்தலாற் கூறியதா என்று நீதிமன்று எங்ஙனம் துணிவது என்னும் பிரச்சினையாகும். அடைத்த அறையினுள் நிகழ்ந்ததை நீதிபதி கண்டிலர். கண்டவர் இரு சாரார். ஒரு சாரார் கூற்றை மறுசாரார் மறுப்பர். ஆதலின் தன்விருப்பு என்பது பெரும்பாலும், எண்பிக்கும் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டுள்ளது என்பதனாலேயே துணியப்பட்டு வந்துள்ளது. இச்சுமை இத்தீவில் எவ்வெவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதை இக்கட்டுரை நோக்க முயல்கின்றது.

ஒல்லாந்தர் கைக்கொண்ட உரோமன் டச்சுக் குற்றவியல் நடைமுறையில் ஒப்புதலே சான்றுகளுள் தலையாயதாகக் கருதப்பட்டது. குற்றத்துக்கு வலுவான அறிகுறிகள் உளவாகியும் முழுமையான சான்று கிடையாதவிடத்து, நீதிமன்றின் கட்டளைப்படி சந்தேகநபரைச் சித்திரவதைக்குட்படுத்தி வினவ இடமிருந்தது. எனினும் வதையின்கண் வெளிப்பட்ட சொல்லை மட்டும் கொண்டு தண்டனை விதித்தல் முறையன்று. வதை நின்றபின், 'நோவும் விலங்கும் இன்றி' அவன் அதனை மீண்டும் கூறி உறுதிப்படுத்தல் வேண்டும். அங்ஙனம் உறுதிப்படுத்தினான் என்பதும் ஏட்டிற் குறிக்கப்படும். மறுப்பின் வதை மீளவும் தொடரலாம். தன்விருப்பு என்ற எண்ணக்கரு அக்காலத்தார் அறியாததொன்றன்று என்பதை இது காட்டுகின்றது. அவர்களும் அவ்வினாவை வினவினர். ஆனால் மறுநாள் வினவினர். மறுத்தால் யாது நிகழும் என்பதை முதல்நாளே அறிந்த ஒருவனிடம் வினவினர்.

ஆங்கிலேயர் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பின், 1798 வரை அவற்றின் நிர்வாகம் சென்னை அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1799 ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரகடனம், ஒல்லாந்தர் காலச் சட்டத்தைப் பொதுவாக நிலைநிறுத்தியபோதிலும் சித்திரவதையை ஒழித்தது. சட்டப் புத்தகத்தில் அது அன்று ஒழிந்தது எனலாம்.

ஆங்கிலப் பொதுச் சட்டமோ பிறிதொரு வழியிற் சென்றது. ஆசைகாட்டியோ அச்சுறுத்தியோ பெறப்பட்ட ஒப்புதல் நம்பத்தக்கதன்று என்னும் கொள்கை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வேரூன்றிற்று. அதனைத் தெளிவாக வரையறுத்த தீர்ப்பு, பிரிவிக் கவுன்சில் 1914 இல் வழங்கிய இப்ராகிம் வழக்குத் தீர்ப்பாகும். இந்தியப் படைப்பிரிவொன்றைச் சேர்ந்த சிப்பாயொருவன் சீனாவின் கன்ரன் நகரில் தன் சுபேதாரைச் சுட்டுக் கொன்றதாக ஹொங்கொங்கில் விசாரிக்கப்பட்ட வழக்கு அது. கைதாகிச் சில நிமிடங்களுள், ஏன் இவ்வாறு செய்தாய் எனக் கட்டளை அதிகாரி வினவ, அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று. ஆயினும் அதிகாரமுடைய ஒருவர் அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ பெறாத, தன்விருப்பிலான கூற்று அது என்பதை வழக்குத்தொடுநரே காட்டுதல் வேண்டும் என்ற விதியை சம்னர் பிரபு அத்தீர்ப்பில் நிலைநாட்டினார். இப்ராகிமைத் தூக்குமரத்திலிருந்து காக்காத அவ்விதி, பிற்காலத்திற் பேரரசின் பல நாடுகளில் எத்தனையோ பேருக்குத் துணைநின்றது.

எனினும் இலங்கைச் சட்டத்தின் நேர்த் தாய் இங்கிலாந்தன்று; இந்தியாவே. அதன் வேரைத் தேடுவோர் மீண்டும் சென்னைக்கே செல்லல் வேண்டும்.

சென்னை மாகாணத்தில் வரிவசூலின்பொருட்டும் குற்றப் புலனாய்வின்பொருட்டும் குடிகள் வதைக்கப்படுகின்றனர் என்ற முறைப்பாடு 1854 இற் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. அதன் விளைவாக எலியட், ஸ்ரோக்ஸ், நோர்ட்டன் ஆகிய மூவர் ஆணையாளராக நியமிக்கப்பட்டனர். 1855 இல் வெளிவந்த அவர்தம் அறிக்கை, தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றை ஆராய்வோர் தவறாது பயில வேண்டிய ஆவணம். ஆணைக்குழுவுக்குக் கிடைத்த முறைப்பாடுகள் 1,959. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். எஞ்சியவை எழுத்தில் வந்தவை. பேருந்தும் புகைவண்டியும் இல்லாக் காலத்தில் நெடுந்தூரம் கடந்து வந்து, தம்மை வதைத்தவர் எவரென வெள்ளையதிகாரிகள் முன் கூறிய அக்குடியானவரின் துணிவு வியக்கத்தக்கது. அவர்கள் கூறிய வதைமுறைகளின் பெயர்கள் ஆங்கில அறிக்கையிலும் தமிழ்ச் சொற்களாகவே நின்றுவிட்டன. விரல்களை இரு மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி' ஒன்று. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' இன்னொன்று. பின்னையது திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைக்கும் பெயராயிருந்தது. சட்டாம்பிள்ளையும் காவற்சேவகனும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டமை சிந்தனைக்குரியது.

அறிக்கை சுட்டிய குறைகளுள் முதன்மையானது, வரி தண்டுவோரும் காவல் புரிவோரும் ஒருவராயிருந்தமையாகும். பொலிஸ் தனித்துறையாகப் பிரிக்கப்பட்டபோது, அதன் கையிற் கிடைக்கும் ஒப்புதலைச் சட்டம் ஐயத்துடனேயே நோக்கிற்று. பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலை எதிரிக்கெதிராக எண்பித்தலாகாது என்னும் விதி 1861 இன் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையில் இடம்பெற்றது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன் வரைந்த 1872 இன் இந்தியச் சான்றுச் சட்டம் அதனை ஏற்றது. வெயிலில் அலைந்து தடயம் தேடுவதினும் நிழலில் இருந்துகொண்டே ஒருவனை வருத்துவது எளிது என்னும் பொருள்பட அனுபவமிக்க அதிகாரியொருவர் தம்மிடம் கூறியதை ஸ்ரீபனே பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார்.

இவ்விந்தியச் சட்டமே சிற்சில மாற்றங்களுடன் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கு வந்தது. திருகோணமலை நீதிமன்றுகளில் அன்று முதல் ஆளப்பட்டு வருவதும் அதுவே. அதன் 24 ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டுத் தொடர்பாக அதிகாரமுடைய ஒருவர் புரிந்த தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதி என்பவற்றால் விளைந்ததென மன்றுக்குத் தோன்றும் ஒப்புதல் தொடர்பற்றதாகும். அத்தூண்டுதல் இம்மை சார்ந்த நன்மையையோ தீமையையோ சுட்டியதாதல் வேண்டும். ஆகவே நரகத்தைச் சொல்லி மதகுரு திருத்தியெடுத்த ஒப்புதல் இப்பிரிவினுள் அடங்காது. 25 ஆம் பிரிவு பொலிஸாருக்கு அளித்த ஒப்புதலை முற்றாக விலக்கிற்று. 26 ஆம் பிரிவு, பொலிஸ் காவலில் இருப்பவன் பிறருக்குக் கூறியதையும், அது நீதவான் முன்னிலையிற் கூறப்பட்டாலன்றி விலக்கிற்று.

24 ஆம் பிரிவிலுள்ள 'தோன்றின்' என்னும் சொல் நுணுகி நோக்கற்பாலது. 'எண்பிக்கப்படின்' என்று சட்டம் கூறவில்லை. வற்புறுத்தல் நிகழ்ந்ததென எதிரி ஐயந்திரிபற நிறுவவேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கலாம் என மன்றுக்குத் தோன்றினாலே போதும். காவலில் இருப்பவனுக்குச் சாட்சியில்லை என்பதை அறிந்து ஆக்கப்பட்ட சொல் அது. நீதவான் ஒப்புதலைப் பதியும் முறையும் இவ்வச்சத்தின் வழிவந்ததே. பதியுமுன் அவர் வினவல் வேண்டும். தன்விருப்பிற் கூறுகின்றான் என நம்புதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். அந்நம்பிக்கையைக் கையொப்பமிட்டுச் சான்றுப்படுத்தல் வேண்டும். இங்ஙனம் அறையினுள் நிகழ்ந்ததைப் பற்றிய வினாவை, அறைக்கு வெளியே, மூன்றாமவர் ஒருவர் முன் நிகழும் செயலாக மாற்றியமையே பழைய சட்டத்தின் திறன்.

அரசுக்கு ஆபத்து நேர்ந்ததெனக் கருதப்பட்ட வேளைகளிலெல்லாம் இவ்வேலி தாண்டப்பட்டது. 1962 இன் சதிமுயற்சி வழக்குக்கென இயற்றப்பட்ட விசேட சட்டம், காவலிற் பெறப்பட்ட கூற்றுகளையும் ஏற்க வழிசெய்தது. அச்சட்டம் செல்லாதெனப் பிரிவிக் கவுன்சில் 1965 இல் தீர்த்தது. 1971 கிளர்ச்சியின் பின் வந்த 1972 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டமும் சாதாரண சான்று விதிகளைத் தளர்த்திற்று. அது 1977 இல் நீக்கப்பட்டது. இவ்விரு சட்டங்களின் இலக்கும் பெரும்பாலும் தென்னிலங்கையினரே என்பது மறக்கப்படலாகாது.

1979 யூலையில் நிறைவேறிய 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடு என்றே பெயர் பூண்டது. மூன்றாண்டுக்கென வந்த அது 1982 இல் நிரந்தரமாயிற்று. அதன் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தருக்கு அளித்த கூற்று எதிரிக்கெதிராக எண்பிக்கப்படலாம் என்றது. நூறாண்டு கடந்த ஐயம் ஒரு பதவித்தரத்தினால் நீங்கிற்றுப் போலும். இதனினும் கருதத்தக்கது அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. கூற்று 24 ஆம் பிரிவின்படி தொடர்பற்றது என எவர் கூறுகின்றாரோ அவரே அதனை எண்பித்தல் வேண்டும் என்று அது விதித்தது. 24 ஆம் பிரிவில் ஓரெழுத்தும் மாறவில்லை. 'தோன்றின்' என்னும் சொல் அவ்வண்ணமே நின்றது. ஆனால் அதனைத் தோன்றச் செய்யும் கடமை, விலங்கிட்ட கைகளுக்கு மாறிற்று.

இம்மாற்றம் நடைமுறையில் யாது செய்தது என்பதைக் காண நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கிழக்கு மாகாணத்தில், திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள மட்டக்களப்பு மாவட்டத்தில் 1993 யூலையில் நிகழ்ந்த சுற்றிவளைப்பொன்றில் ஏறத்தாழ 150 தமிழ் ஆண்களுடன் அவர் கைதானார். தடுப்புக் காவலில் இருந்த அவரிடமிருந்து அவ்வாண்டு டிசெம்பரில் ஒப்புதல் பெறப்பட்டது. அப்போது அறையில் இருந்தோர் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவரும் கொன்ஸ்தாபிள் ஒருவரும் மட்டுமே. எதிரி பேசியது தமிழ், பதிவானது சிங்களம். மொழிபெயர்த்தவரும் தட்டச்சுச் செய்தவரும் அக்கொன்ஸ்தாபிளே. தாம் வாசித்தறிய முடியாத அத்தாளில் வலுக்கட்டாயமாகப் பெருவிரல் அடையாளம் இடுவிக்கப்பட்டதாகச் சிங்கராசா கூறினார்.

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய இராணுவ முகாம்கள் மீதான தாக்குதல் உள்ளிட்ட ஐந்து குற்றச்சாட்டுகள் கொழும்பு மேல் நீதிமன்றில் அவர்மீது சுமத்தப்பட்டன. ஒப்புதலை ஏற்பதா எனத் துணிய 1995 இல் உண்மை விளம்பல் விசாரணை நடந்தது. பொலிஸார் இருவரும் எதிரியும் சாட்சியமளித்தனர். மன்றின் கட்டளைப்படி அவரைப் பரிசோதித்த மருத்துவர், முதுகிலே தழும்புகளையும் இடக்கண்ணின் கருவிழியிலே வடுவையும் கண்டு அறிக்கையிட்டிருந்தார். மன்றோ, அக்காயங்கள் ஒப்புதலுக்கு முன்னரோ பின்னரோ ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதிற்று; தாக்கப்பட்டதாக அவர் முன்னரே எவரிடமும் முறையிடாமையையும் அவருக்கெதிராகக் கொண்டது. ஒப்புதல் ஏற்கப்பட்டது. அதனை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்று 1999 இல் அதனை 35 ஆண்டாகக் குறைத்தது. உயர் நீதிமன்று 2000 இல் விசேட அனுமதியை மறுத்தது.

எண்பிக்கும் சுமையின் ஆற்றல் இவ்விடத்தே தெளிவாகின்றது. தழும்பு உண்டு, எப்போது ஏற்பட்டது என்பதே ஐயம். சுமை வழக்குத்தொடுநருடையதாயின் அவ்வையம் எதிரிக்குச் சாதகமாகும், ஒப்புதல் வீழும். சுமை எதிரியுடையதாயின் அதே ஐயம் அவருக்கே பாதகமாகும், ஒப்புதல் நிற்கும். சாட்சியமோ தழும்போ வேறுபடவில்லை. 35 ஆண்டும் அந்த ஐயத்தின் இரு கரைகளுக்கிடையே கிடந்தது. முறையிடாமை பற்றிய வாதமும் அத்தன்மையதே. வதைத்தவரின் காவலிற்குள் மீண்டும் செல்லவேண்டிய ஒருவர் எவரிடம் முறையிடுவார் என்பதை மன்று வினவியதாகத் தெரியவில்லை.

சிங்கராசா ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவை நாடினார். குழு 2004 யூலையில் தன் கருத்தை வெளியிட்டது. இலங்கையரசு, எதிரி நிறுவவேண்டிய அளவு மிகத் தாழ்ந்தது, தன்விருப்பின்மைக்குரிய ஒரு சாத்தியக்கூறு காட்டினும் போதும் என வாதித்தது. அளவு தாழ்ந்ததாயினும் சுமை எதிரிமீதே இருந்தது என்பதே குழுவின் விடை. வற்புறுத்தலின்றிப் பெறப்பட்டது என வழக்குத்தொடுநரே எண்பித்தல் வேண்டும் என அது துணிந்தது. புலனாய்வாளர் இருவர் மட்டுமே இருந்த அறையில் அவர்களுள் ஒருவரே மொழிபெயர்த்த ஒப்புதலை மட்டும் நம்பியது நீதியான விசாரணையாகாது எனவும் கண்டது. இக்கருத்தைக் கொண்டு தீர்ப்பை மீளாயுமாறு உயர் நீதிமன்றிடம் விண்ணப்பிக்கப்பட்டது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா உள்ளிட்ட ஐவர் 2006 செப்ரெம்பரில் அதனை நிராகரித்தனர். 1997 இல் சனாதிபதி விருப்புக்குரிய நெறிமுறையில் இணைந்தமை அரசியலமைப்புக்கு முரணானது என்பது அவர்கள் கூறிய காரணம். ஒப்புதல் தன்விருப்பிலானதா என்ற வினா, நாட்டின் இறைமை பற்றிய வினாவாக உருமாறி முடிந்தது.

சிங்கராசாவின் வழக்கில் அறை என்பது ஓர் அலுவலக அறை. ஆயின் அறை எங்குள்ளது என்பதும் தன்விருப்பைத் துணிவதில் இன்றியமையாதது. சாதாரண சட்டத்தின்படி கைதானவர் 24 மணி நேரத்துள் நீதவான்முன் கொண்டுவரப்படல் வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவோ, அமைச்சர் தீர்மானிக்கும் இடத்தில், அவர் தீர்மானிக்கும் நிபந்தனைகளின்படி, மும்மாதத்துக்கொரு முறையாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க இடமளித்தது. இவ்விடம் என்பது எத்தகையதாயிருத்தல் கூடும் என்பதற்குத் திருகோணமலைத் துறைமுகமே சான்று பகர்கின்றது. பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் தொடர்பான ஐக்கிய நாடுகள் செயற்குழு 2015 நவம்பரில் இங்குள்ள கடற்படைத் தளத்தினுட் சென்று, இரகசியத் தடுப்பிடமாகப் பயன்பட்ட நிலக்கீழ் அறைகளைக் கண்டது. அக்குழு தேடியது ஒப்புதல்களையன்று, காணாமற்போனோரை. ஆயினும் பதிவேட்டில் இல்லாத அறையிலிருந்து பதிவேட்டிலுள்ள அறைக்கு ஒருவர் கொண்டுவரப்படக் கூடுமாயின், பின்னைய அறையில் அவர் சொல்லியது எவ்விருப்பின் வழிவந்தது என எதிரி எதனைக் கொண்டு எண்பிப்பார்? நாட்குறிப்பில்லை, மருத்துவரில்லை, அருகிருந்தவர் திரும்பியதுமில்லை.

இவையனைத்தும் நீதிபதிகள் செயலற்றவர் எனக் காட்டுவனவல்ல. 2017 யூலையில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் விசேட அறிக்கையாளர் பென் எமர்சனிடம், கொழும்பில் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் மூத்த மேல் நீதிமன்ற நீதிபதியொருவர், அவ்வாண்டு தாம் கையாண்ட வழக்குகளுள் 90 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஒப்புதலை விலக்க நேர்ந்ததாகக் கூறினார். பலாத்காரத்தாலோ அதன் அச்சுறுத்தலாலோ அவை பெறப்பட்டிருந்தமையே காரணம். சட்டம் அதே சட்டம். சுமையும் எதிரிமீதே இருந்தது. கைதுக்கும் கூற்றுக்கும் இடைப்பட்ட காலம், சட்ட மருத்துவ அதிகாரியின் குறிப்பு, எதிரியின் மொழி, பலருடைய கூற்றுகளில் ஒரேமாதிரி வரும் சொற்றொடர் ஆகியவற்றை நீதிபதி தாமே துருவி நோக்கின், சுமையின் பாரம் குறையும் என்பதற்கு இது சான்று. அதேவேளை, ஒருவரின் விடுதலை எந்த நீதிபதிமுன் வழக்கு விழுகின்றது என்பதிலே தங்கியிருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

தன்விருப்பு நிறுவப்பட்டபின்னும் எஞ்சும் ஒரு வினாவைத் தமிழ்நாட்டு வழக்கொன்று காட்டுகின்றது. ராஜீவ் காந்தி கொலைவழக்கில், இந்தியாவின் தடா சட்டத்தின்கீழ்ப் பொலிஸ் அத்தியட்சர் பதிந்த ஒப்புதலைக் கொண்டு பேரறிவாளனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதனை 1999 இல் உறுதிசெய்தது. அதனைப் பதிந்த அதிகாரி தியாகராஜன், தாம் வாங்கிக் கொடுத்த மின்கலம் எதற்கென்று அறியேன் எனப் பேரறிவாளன் கூறிய பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக 2013 இல் வெளிப்படையாகக் கூறினார். தண்டனை 2014 இல் ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. விடுதலை 2022 மே மாதத்திற்றான் வந்தது. கூறியவர் தன்விருப்பிற் கூறினாரா என்று மன்றுகள் ஆராய்ந்தன. எழுதியவர் கூறியதை எழுதினாரா என்பதை ஆராய அவற்றுக்குக் கருவியே இருக்கவில்லை. சிங்கராசாவின் தமிழ் சிங்களமான கணத்தில் யாது நிகழ்ந்தது என்பதும் அத்தகைய வினாவே.

2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடுப்புக் காவலின் உச்சவெல்லையைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. தடுப்பிடங்களுக்கு நீதவான் நேரிற் செல்லவும், வதைபற்றிய முறைப்பாடு உளதாயின் சந்தேகநபரைச் சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்பவும் வழிவகுத்தது. எண்பிக்கும் சுமையை எதிரிமீது ஏற்றிய 16 ஆம் பிரிவை அத்திருத்தம் தொடவில்லை. 1979 இன் சொற்களுடனேயே அதனை விட்டுச் சென்றது.